மலையில் ஓடும் பழைய டீசல் ஜீப்: பனிக்காலத்துக்கு முன் எதில் காசு போடுவது?

நவம்பர் பிறந்ததும் நீலகிரியில் பழைய மகிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரே கவலைதான். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் வண்டி, விடியற்காலையில் செல்ஃப் அடித்தால் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு சுற்றுமே தவிர எடுக்காது. ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, அவலாஞ்சி பக்கத்துத் தாழ்வான இடங்களில் உறைபனி விழுந்து புல்வெளியே வெளுத்துக் கிடக்கும். கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்கப் பயணிகளை ஏற்றிப்போகும் ஜீப்புகள் சூரியநெல்லியிலிருந்து இருட்டோடு கிளம்பியாக வேண்டும். அந்த நேரத்தில் வண்டி எடுக்கவில்லை என்றால் அன்றைய சவாரி போனது போனதுதான்.

இந்த நிலையில் பட்டறைக்குப் போனால் ஆளுக்கொரு யோசனை கிடைக்கும். ஹீட்டர் பிளக்கை (எடுக்கும் முன் எஞ்சினுக்குள் சிவந்து சூடேற்றும் மின்முனை) மாற்று என்பார் ஒருவர். பெரிய பேட்டரி போடு என்பார் இன்னொருவர். டீசலைத் தள்ளும் பம்பும் அதைப் பீச்சும் நாசிலும் சர்வீஸ் செய்தால்தான் சரியாகும், கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம்) போய்விட்டது எஞ்சினை இறக்கு, இந்த பெஜோ எஞ்சினையே தூக்கிப் போட்டுவிட்டு டீசலை நேராக பிஸ்டன் மேல் பீச்சும் டிஐ எஞ்சின் வை என்று யோசனைகள் நீளும். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரியான மருந்துதான். உங்கள் வண்டிக்கு எது, எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி. இவற்றில் மலிவானதற்கும் விலை கூடியதற்கும் நடுவே பல மடங்கு வித்தியாசம் இருப்பதால் இந்த முடிவை அவசரத்தில் எடுக்கக் கூடாது.

நான் எடுத்துக்கொள்ளும் வண்டி எம்எம் 540. பெஜோ உரிமத்தில் மகிந்திரா தயாரித்த எக்ஸ்டிபி 4.90 எஞ்சின், 2112 சிசி. பின்னால் வந்த 2498 சிசி எக்ஸ்டி3பி எஞ்சினும் அதே குடும்பம்தான், இங்கே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். இந்த எஞ்சின்களில் நாசில் டீசலை நேராக பிஸ்டன் தலைக்கு மேல் பீச்சுவதில்லை. ஹெட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன சுழல் அறைக்குள் பீச்சுகிறது. எஞ்சின் சத்தம் குறைவாக, நயமாக ஓடுவதற்கு அந்த அறைதான் காரணம். குளிரில் எடுக்க அடம்பிடிப்பதற்கும் அதே அறைதான் காரணம்.

வெப்பக் கணக்கு

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது காற்று சூடாகிறது, அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றுகிறது. ஆகவே எடுக்காத எஞ்சினுக்கு என்ன குறை என்று கேட்டால், டீசல் வரும் பட்சத்தில் பதில் ஒன்றுதான்: சூடு போதவில்லை. எந்தச் செலவையும் 'இது சிலிண்டருக்குள் எவ்வளவு சூட்டைக் கூட்டும்' என்று கேட்டு எடைபோட்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அழுத்த விகிதம் 22-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றினால், மேட்டுப்பாளையத்தில் 27 டிகிரியில் உள்ளே போகும் காற்று அழுத்தத்தின் முடிவில் சுமார் 375 டிகிரிக்கு ஏறும். ஊட்டியில் 2 டிகிரியில் உள்ளே போனால் 325-க்கு அருகில் நிற்கும். வெளியே இருந்த 25 டிகிரி வித்தியாசம் உள்ளே 50 ஆகிவிடுகிறது. அதைவிட முக்கியமான விஷயம் இனிமேல்தான். அதே 2 டிகிரியில் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், அழுத்தப்பட்ட காற்றுக்குத் தன் சூட்டைச் சுவருக்குக் கொடுக்கவும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாகக் கசியவும் நேரம் கிடைக்கிறது. அப்போது முடிவு வெப்பநிலை 240 வாக்கில்கூட வந்து நிற்கலாம். அதாவது குளிர் திருடியது 50 டிகிரி என்றால், மெதுவாகச் சுற்றும் செல்ஃப் அதற்கு மேல் 80 டிகிரியைத் திருடுகிறது.

ஆய்வகத்தில் டீசல் தானே பற்றும் வெப்பநிலை 210 முதல் 250 டிகிரி வாக்கில் இருக்கும். ஆனால் அங்கே அது நிதானமாகப் பற்ற நேரம் இருக்கிறது. எஞ்சினில் சில மில்லி விநாடிக்குள் பற்றியாக வேண்டும், அதனால் அதைவிட நிறையவே சூடு தேவை. சுழல் அறையின் குளிர்ந்த சுவர் வேறு சூட்டை இழுத்துக்கொள்ளும். அந்தக் குறையை நிரப்பத்தான் 800 டிகிரிக்கு மேல் சிவக்கும் முனையோடு ஹீட்டர் பிளக்கை அந்த அறைக்குள்ளேயே வைத்தார்கள்.

உயரமும் இதில் பங்கெடுக்கிறது. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், துல்லியமாகச் சொன்னால் 76 சதவீதம். காற்று மெலிந்திருப்பதால் டீசல் பற்றுவதற்கு எடுக்கும் நேரமும் கூடுகிறது. 'சமவெளியில் ஒரே அடியில் எடுக்குது, மேலே வந்தா மக்கர் பண்ணுது' என்று ஓட்டுநர்கள் சொல்வது வெறும் நினைப்பல்ல.

புகையைப் பார்த்து ஆரம்பியுங்கள்

காசு எடுப்பதற்கு முன் ஒரு விடியற்காலை, எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, ஒருவர் செல்ஃப் அடிக்க நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள்.

வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, பற்றவில்லை. பிரச்சினை சூட்டின் பக்கம். புகையே இல்லை என்றால் டீசலே வரவில்லை: டீசல் குழாயில் காற்று புகுந்து அடைப்பது, ஃபில்டர், எஞ்சினை நிறுத்தும் கேபிள் முழுசாகத் திரும்பாமல் இருப்பது, இதில் ஏதோ ஒன்று. இந்த வண்டிக்கு ஹீட்டர் பிளக் மாற்றுவது வீண். செல்ஃப் ஆரம்பத்திலிருந்தே முனகினால் மின்சாரப் பக்கம் பாருங்கள். எடுத்த பிறகு மூன்று சிலிண்டரில் குலுங்கி ஓடி, ஒரு நிமிடத்தில் சீராகிவிட்டால், ஒரே ஒரு பிளக் செத்திருக்கிறது அல்லது ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவு. இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. இதைப் பார்க்காமல் பம்பைக் கழற்றச் சொல்லும் பட்டறையில் நான் வண்டியை விடமாட்டேன்.

பேட்டரி, கேபிள், செல்ஃப்

மேலே போட்ட கணக்கின்படி பார்த்தால் சுற்றும் வேகம்தான் முதல் ஆள். ஹீட்டர் பிளக்குக்கு முன்னால் இதை வைப்பதற்குக் காரணம் அதுதான்.

குளிரில் மூன்று விஷயங்கள் ஒரே சமயத்தில் எதிராகின்றன. உறைநிலைக்குப் பக்கத்தில் ஈய-அமில பேட்டரி தன் தள்ளும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு வரை இழக்கிறது. எஞ்சின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்கு அதிக பலம் கேட்கிறது. ஹீட்டர் பிளக்குகள் வேறு அதே பேட்டரியிலிருந்து முன்கூட்டியே மின்சாரத்தை உறிஞ்சிவிடுகின்றன. பகலில் போதுமாக இருந்த பேட்டரி காலையில் போதாமல் போவது இப்படித்தான்.

ஆனால் உடனே புது பேட்டரி வாங்கிவிட வேண்டாம். முப்பது வருட ஜீப்பில் பேட்டரியைவிட கேபிள்தான் அதிகம் மோசம் செய்யும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். நிறுத்தும் கேபிளை இழுத்துப் பிடித்து, எஞ்சின் எடுக்காதபடி வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பேட்டரி முனைகளில் மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்கு மிகக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி இழுக்கிறது. பேட்டரியில் 10.5 இருந்து செல்ஃப் மோட்டாரின் முனையில் 9 தான் இருக்கிறது என்றால் நடுவே ஒன்றரை வோல்ட்டைக் கேபிள் தின்கிறது. அரை வோல்ட்டுக்கு மேல் ஒரு கேபிளில் விழுந்தாலே அதை மாற்றலாம். எர்த் பக்கத்தையும் இப்படியே அளக்க வேண்டும். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள பின்னல் பட்டை துருப்பிடித்தோ, பெயிண்ட் மேல் போல்ட் போட்டோ இருக்கும். மலை ஈரத்தில் இது ரொம்ப சகஜம். தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிய வைத்து, புதுப் பட்டை போட்டு, மேலே கிரீஸ் பூசினால் போதும். ஒரு நல்ல தடித்த தாமிரக் கேபிளும் எர்த் பட்டையும் சேர்ந்து புது பேட்டரி விலையில் சிறு பங்குகூட வராது.

கேபிள் சரியாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால் செல்ஃபைக் கழற்றிப் பாருங்கள். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் ஓரத்தில் உரசும், கார்பன் பிரஷ் குட்டையாகியிருக்கும். இரண்டையும் ஊரிலேயே சரி செய்துவிடலாம். உள்ளே கியர் வைத்த சிறிய செல்ஃப் மோட்டார்கள் பழைய கனமான மோட்டாரைவிடக் குறைந்த மின்சாரத்தில் வேகமாகச் சுற்றும். உங்கள் எஞ்சினின் பெல் ஹவுசிங்குக்கும் பல் எண்ணிக்கைக்கும் பொருந்துவது கிடைத்தால் அது நல்ல முதலீடு. கிடைக்காமல் எதையாவது வெட்டி ஒட்டிப் பொருத்துவதைவிட பழையதையே நன்றாகச் சீர்செய்வது மேல்.

இதோடு சேர வேண்டியவை இன்னும் இரண்டு. ஆயில் 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 போட்டிருந்தால் பனிக்காலத்துக்கு முன், குளிரில் அவ்வளவு கெட்டியாகாத 15டபிள்யூ-40 டீசல் ஆயிலுக்கு மாறுங்கள். எப்படியும் செய்யப்போகும் ஆயில் சர்வீஸ்தானே, கூடுதல் செலவு என்று எதுவுமில்லை. அடுத்தது, செல்ஃப் அடிக்கும்போது கிளட்சை முழுசாக மிதித்துக்கொள்ளுங்கள். நியூட்ரலில் இருந்தாலும் கிளட்ச் விட்டிருந்தால் கியர்பாக்ஸின் உள் தண்டுகள் குளிர்ந்து இறுகிய 90 நம்பர் ஆயிலைக் கலக்கிக்கொண்டு சுற்றும். அந்தச் சுமையை எடுத்துவிட்டால் சுற்றும் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும்.

ஹீட்டர் பிளக்

இதுதான் பெஜோ எஞ்சினின் உயிர்நாடி, இதைத்தான் ஆட்கள் அதிகம் அலட்சியம் செய்கிறார்கள். சமவெளியில் பிளக் நான்கும் செத்திருந்தால்கூட வண்டி எடுத்துவிடும், அதனால் கீழேயிருந்து வாங்கி வந்த வண்டியில் அது வேலை செய்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சோதனை சுலபம். நான்கு பிளக்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றுங்கள். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு டெஸ்ட் லேம்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். எரிந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கவில்லை, எரியாவிட்டால் அது செத்த பிளக். மீட்டரில் பார்த்தால் நல்ல பிளக் ஒரு ஓம் அளவுக்குத்தான் காட்டும். டெஸ்ட் லேம்ப் எரிவதால் மட்டும் பிளக் நன்றாகச் சிவக்கிறது என்று சொல்லிவிட முடியாது, ஆகவே சந்தேகம் இருந்தால் வெளியே எடுத்து, உடம்பை நன்றாக எர்த் செய்து, 12 வோல்ட் கொடுத்து முனை சிவக்கிறதா என்று பாருங்கள். முனையிலிருந்து சிவப்பு ஆரம்பித்து மேலே பரவ வேண்டும். கையால் பிடிக்க வேண்டாம்.

பிளக்குக்கு வரும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், நான்கும் சேர்ந்தால் 40, 50 ஆம்பியர். பழைய சாவி சுவிட்ச் வழியாகவும் கருகிய வயர் வழியாகவும் அவ்வளவு மின்சாரம் போனால் வழியிலேயே இரண்டு வோல்ட் தொலையும். 12 வோல்ட்டுக்குப் பதில் 10 வோல்ட் கிடைத்தால் சூடு ஆறில் ஒரு பங்கல்ல, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது, ஏனென்றால் சூடு மின்னழுத்தத்தின் இருமடிக் கணக்கில் போகும். ஆகவே பிளக் மாற்றும்போதே தடித்த வயரும், சாவி சுவிட்ச் மேல் சுமை விழாமல் பெரிய மின்சாரத்தை விடும் 70 ஆம்பியர் ரிலேயும் தனி ஃபியூஸும் போட்டுவிடுங்கள். புதுப் பிளக் போட்டும் பயனில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் பலருக்கு விடுபட்டது இந்த ரிலேதான்.

வாங்கும்போது பிளக்கில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். சீக்கிரம் சிவக்கிறது என்று குறைந்த வோல்ட் பிளக்கை 12 வோல்ட்டில் மாட்டினால் முனை உருகி அறைக்குள் விழும், பிறகு ஹெட்டைக் கழற்றும் வேலைதான். பழைய பிளக்கைக் கழற்றும்போது எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கட்டும். முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். முனை வீங்கி மாட்டிக்கொண்டால் முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள், முறிந்தால் மூன்று மடங்கு வேலை. கழற்றிய துளையில் கரி அடைந்திருந்தால் அதைச் சுத்தம் செய்துதான் புதியதைப் போட வேண்டும். ஒரு குறிப்பிட்ட சிலிண்டரின் பிளக் மட்டும் அடிக்கடி எரிந்துபோனால் குற்றம் பிளக்கில் இல்லை. அந்த சிலிண்டரின் நாசில் ஒழுகுகிறது.

நான்கு பிளக், ரிலே, வயர் எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு புது பேட்டரி விலைக்குள் முடிந்துவிடும். மலையில் பெஜோ எஞ்சின் வைத்திருப்பவருக்கு இதைவிடச் செலவுக்கேற்ற பலன் தரும் வேலை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பம்பும் நாசிலும்

வெள்ளைப் புகை இல்லாமல் சுற்றும் வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது பம்ப் அல்ல, பம்பு வரை வரும் குழாய். ராத்திரி நிறுத்திய பிறகு ஏதோ ஒரு மூட்டு வழியாகக் காற்று புகுந்து டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்ப் காலியாக இருக்கும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சாண் தெளிவான டீசல் குழாயைச் சோதனைக்காக மாட்டினால் குமிழி வருவது கண்ணுக்குத் தெரியும். டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அமுக்கியதும் வண்டி உடனே எடுத்தால் இந்தக் கோளாறுதான் என்று உறுதியாகச் சொல்லலாம். வாஷர், கிளிப், ஒரு அடி ரப்பர் குழாய் இவற்றோடு முடியும் வேலை.

2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்கக் கிடைப்பது கந்தகம் 10 பிபிஎம் அளவுக்குக் குறைந்த பிஎஸ்-6 டீசல். பழைய ரப்பர் சீல்கள் டீசலின் சேர்மானம் மாறும்போது சுருங்கிக் கசியலாம். பம்பின் ஓரத்தில் ஈரம் தெரிந்தால் சீல் கிட் மாற்றுவது நியாயமான செலவு. நாசில்களை சோதனை மேசையில் வைத்துப் பீச்சிப் பார்ப்பதும் அப்படியே: பனிப்புகை போலப் பீச்ச வேண்டும், முனையில் சொட்டு தொங்கக் கூடாது. நாசில் சரிபார்ப்பு மலிவு, பம்ப் காலிபரேஷன் (பீச்சும் அளவைச் சரிசெய்வது) விலை கூடியது. இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் செய்யச் சொன்னால் நாசிலை மட்டும் முதலில் கொடுங்கள். சூடான பிறகு வண்டி நன்றாக இழுக்கிறது, கறுப்புப் புகை இல்லை என்றால் பம்பின் உள்பாகம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். டீசல் பீச்சும் டைமிங் பின்தங்கியிருந்தால் குளிரில் எடுப்பது கஷ்டமாகும், அதைச் சரிபார்க்கப் பம்பைப் பிரிக்கவே தேவையில்லை.

'கம்ப்ரஷன் போச்சு' என்று சொன்னால்

இங்கே ஒரு நிமிடம் நிதானியுங்கள், ஏனென்றால் இந்த ஒரு வார்த்தையால்தான் நல்ல எஞ்சின்கள் பல தேவையில்லாமல் இறக்கப்படுகின்றன.

கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுப் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவார்கள். அந்த எண் கடல்மட்டத்துக்கு எழுதப்பட்டது. ஊட்டியில் உள்ளே போகும் காற்றே முக்கால் பங்குதான் என்பதால் கேஜும் முக்கால் பங்குதான் காட்டும். கடல்மட்டத்தில் 28 பார் காட்டும் நல்ல எஞ்சின், ஊட்டியில் 21 பார் காட்டும். அதைப் பார்த்து 'ரிங் போச்சு' என்று தீர்ப்பு சொன்னால் எஞ்சின் மேல் பழி விழுந்துவிடும். மலையில் கேஜ் பார்த்தால் அந்த எண்ணை 0.76 ஆல் வகுத்துவிட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். குன்னூர் 1850 மீட்டர் வாக்கில் இருப்பதால் அங்கே 0.8 ஆல் வகுக்கலாம். அதைவிட நம்பகமானது நான்கு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம். மூன்று 21 காட்டி ஒன்று மட்டும் 14 காட்டினால் அந்த ஒன்றில் நிஜமாகவே கோளாறு இருக்கிறது. நான்கும் ஒன்றுபோல் இருந்தால் வேறு பக்கம் தேடுங்கள். அளக்கும்போது பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், மெதுவாகச் சுற்றினாலும் எண் குறையும்.

கேஜ் வைப்பதற்கு முன் வால்வுகளை அசைக்கும் டேப்பட்டின் இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வால்வு முழுசாக மூடாமல் இருந்தாலும் கம்ப்ரஷன் குறையும், அதற்குத் தேவை ஒரு ஃபீலர் கேஜும் அரை நாளும்தான். உண்மையாகவே ரிங்கும் போரும் தேய்ந்த எஞ்சின் வேறு அறிகுறிகளும் காட்டும்: ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று புகை, ஆயில் செலவு, சூட்டிலும் இழுவைக் குறைவு. இவை எல்லாம் இருந்தால் எஞ்சின் வேலையைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. அந்த நிலையில் ஹீட்டர் பிளக் போட்டு ஒரு வருடம் ஓட்டலாம், ஆனால் ஒவ்வொரு காலையும் எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவி, தேய்மானத்தைக் கூட்டிக்கொண்டே போகும்.

எஞ்சினையே மாற்றுவது

மகிந்திராவின் 2523 சிசி டிஐ எஞ்சின், பழைய ஜீப்புகளில் எம்டிஐ 3200 என்றும் பிறகு 2000-ல் வந்த பொலேரோவிலும் பார்த்தது, டீசலை நேராக பிஸ்டன் தலையில் உள்ள குழிக்குள் பீச்சும். சுழல் அறை இல்லை, அதனால் சுவருக்குப் போகும் சூடு குறைவு. நம் மலைக் குளிரில் ஹீட்டர் பிளக் இல்லாமலே எடுத்துவிடும். டீசலும் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும், உதிரிபாகம் சின்ன ஊரிலும் கிடைக்கும். இதெல்லாம் உண்மை.

ஆனால் இது சத்தமும் அதிர்வும் அதிகமான எஞ்சின். பெஜோ எஞ்சினின் நயம் இதில் வராது. மவுண்டிங், ரேடியேட்டர், சைலன்சர், கிளட்ச் என்று மாற்ற வேண்டியவை நீளும். அப்புறம் சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்ற அனுமதியும் ஆர்சி புத்தகத்தில் பதிவும் வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டியைப் பதிவு புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது ஆர்சியில் ஒரு எஞ்சின் எண்ணும் வண்டியில் வேறு எண்ணும் இருந்தால் வண்டியே முடங்கிப்போகும். காலையில் எடுக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எஞ்சினை மாற்றுவதை நான் ஆதரிக்கமாட்டேன். வாங்கும்போதே தேர்வு செய்வது வேறு விஷயம். தினமும் இருட்டில் கிளம்ப வேண்டிய வேலைக்கு ஜீப் தேடுகிறீர்கள் என்றால், தொழிற்சாலையிலிருந்தே டிஐ எஞ்சினோடு வந்த வண்டியை வாங்குங்கள்.

எலெக்ட்ரிக் ஹீட்டர், ஈதர் ஸ்பிரே, வெந்நீர்

கனடா, நார்வே போன்ற நாடுகளில் ராத்திரி முழுக்க கூலன்ட்டைச் சூடாக வைக்கும் மின்சார ஹீட்டர் வழக்கமான ஒன்று. மைனஸ் 20-ல் அது இல்லாமல் எடுப்பது கஷ்டம். லடாக்கில் டீசலே மெழுகாகி ஃபில்டரை அடைத்துவிடும், அதற்காகத்தான் இந்தியன் ஆயில் 2019-ல் மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலை அங்கே விற்கத் தொடங்கியது. நீலகிரி, கொடைக்கானல், மூணாறு குளிர் அந்த வகையில் சேராது. பிளக்கும் பேட்டரியும் சரியாக இருக்கும் எஞ்சின் இங்கே வேறு எந்த உதவியும் இல்லாமல் எடுக்க வேண்டும். வீட்டுக் கொட்டகையில், பிளக் பாயின்ட் பக்கத்தில் நிறுத்துபவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், எஞ்சின் தேய்மானத்துக்கு அது நல்லதுதான். சாலையோரத்தில் நிறுத்தும் சவாரி ஜீப்புக்கு அது உதவாது.

ஈதர் ஸ்பிரேயை ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அடிக்கவே கூடாது. ஈதர் 160 டிகிரியிலேயே பற்றும், உள்ளே 800 டிகிரியில் ஒரு முனை சிவந்து காத்திருக்கிறது. பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடித்து ரிங் பள்ளத்தை உடைத்துவிடும், கனெக்டிங் ராடு வளைந்ததும் உண்டு. பெட்ரோல் நனைத்த துணியை ஏர் கிளீனர் வாயில் வைப்பதும் இதே ரகம்தான். கொதிக்கும் வெந்நீரைப் பம்பின் மேல் ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள். நுண்ணிய இடைவெளியில் ஓடும் பாகங்கள் வெளியே மட்டும் சட்டென்று சூடானால் பிடித்துக்கொள்ளும்.

மேட்டில் நிறுத்தி இறக்கத்தில் கியரில் எடுப்பது மலை ஓட்டுநர்களின் பழைய வழக்கம். செல்ஃபைவிட நிறைய வேகமாக எஞ்சினைச் சுற்றவைப்பதால் நிஜமாகவே பலன் தரும். முதலில் ஹீட்டரைப் போட்டுவிட்டுத்தான் உருட்ட வேண்டும். பூஸ்டர் பிரேக் உள்ள வண்டியில் எஞ்சின் எடுக்கும் வரை பிரேக் கல்லாக இருக்கும் என்பதை மறக்கக் கூடாது, கீழே ஆட்கள் இருக்கும் சரிவில் இதைச் செய்யவும் கூடாது.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள்

பட்டியலில் யாரும் சொல்லாத ஒன்று. ஏற்றத்தில் சூடாகிறது என்று பல ஜீப்புகளில் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) எடுத்து எறிந்திருப்பார்கள். அந்த எஞ்சின் பனிக்காலத்தில் தன் சரியான சூட்டுக்கு வரவே வராது. டீசல் அரைகுறையாக எரிந்து நாசிலிலும் பிளக் துளையிலும் கரி படியும், ரிங் ஒட்டும், ஆயிலில் டீசல் கலக்கும். ஒரு வருடம் அப்படி ஓடினால் அடுத்த பனிக்காலத்தில் எடுப்பது இன்னும் கஷ்டம். சூடாவதற்குக் காரணம் அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த பெல்ட் என்றால் அதைச் சரிசெய்துவிட்டு தெர்மோஸ்டாட்டை மாட்டுங்கள். வெறும் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் கலவை ஊற்றுங்கள், உறைபனி இரவுக்கும் உள்துருவுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு.

ஆக, எஸ்டேட்டில் அன்றாடம் ஓடும் பெஜோ ஜீப் என்றால் இந்த வரிசையில் போங்கள்: எர்த், கேபிள், ஆயில், பிறகு நான்கு ஹீட்டர் பிளக்கும் ரிலேயும், பிறகு குழாய் மூட்டுகளும் நாசிலும். இதற்குப் பிறகும் எடுக்காவிட்டால்தான் டேப்பட் பார்த்து, உயரத்துக்குத் திருத்திய கம்ப்ரஷன் எண்ணோடு எஞ்சின் வேலை பற்றிப் பேசலாம். விடியலுக்கு முன் சவாரிக்குப் போகும் வண்டிக்கும் இதே வரிசைதான், ஆனால் பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம், தளரத் தொடங்கிய பேட்டரியை நவம்பரிலேயே மாற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கும் ஆசை வண்டிக்குப் பெரிய எதிரி நின்றுகொண்டே இருப்பதுதான். பேட்டரி முனையைக் கழற்றி வையுங்கள், டேங்கை நிரப்பியே வையுங்கள், இல்லையென்றால் உள்சுவரில் ஈரம் படிந்து தண்ணீராகி டீசலில் இறங்கும். ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகை மாதம் ஒருமுறை திறந்து அந்தத் தண்ணீரை விட்டுவிடுங்கள்.